சார்த்ர் வாசலில் விட்ட செருப்பு

கல் குளிர்ந்திருந்தது.

உள்ளங்காலில் குளிர் ஏறிய பிறகுதான் வெறுங்காலோடு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

செருப்பு வாசலில் கிடக்கும். எப்போது கழற்றினாள் என்று நினைவில்லை. முன்பு பார்த்த கொலோன், ஸ்ட்ராஸ்பூர் பேராலயங்களில் காலில் கயிறு கட்டிய ஷூ. இன்று காலையில் குதிகால் கொப்புளம் உடைந்ததால் ரப்பர் செருப்பு. கோயில் வாசலைக் கண்டதும் கால் தன் பாட்டுக்குக் கழற்றிவிட்டது.

போய் எடுத்து வர வேண்டும்.

போகவில்லை.

மேலே நீலம் எரிந்துகொண்டிருந்தது.

எண்ணூறு வருடப் பழைய ஜன்னல் கண்ணாடி. கோபால்ட் கலந்தது. ஒளியில் எதை விழுங்கும், எதை வெளியே விடும் என்று எம்.எஸ்ஸி.யில் படித்திருக்கிறாள். படித்தது எதற்கும் உதவவில்லை. கழுத்து வலித்தது. வாய் திறந்திருந்தது.

தூண்கள் ஏறிக்கொண்டே போயின. முடியும் இடத்தைத் தேடிப் போன கண் வழியிலேயே நின்றுவிட்டது.

தரையில் துண்டு துண்டாக நிறம் கிடந்தது. பெருவிரலால் சிவப்பைத் தொட்டாள். பிறகு நீலத்தை. சிவப்பு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

இரண்டும் ஒரே குளிர்.

சிரிப்பு வந்தது. சொல்ல ஆளில்லை.

ஜெர்லின் வெளியே படியில் இருந்தாள், இரண்டு முதுகுப்பைகளோடு.

கல்லூரியில் இருவருக்கும் ஒரே பெஞ்ச். பிறகு ஜெர்லின் ஆய்வுக்காக ஜெர்மனி போனாள். போன ஜனவரியில் தூத்துக்குடியில் அவள் அம்மா இறந்தார். அப்போது அவளுடைய விசா புதுப்பித்தலில் மாட்டியிருந்தது. கிளம்பினால் திரும்பி வர முடியாது.

கிளம்பவில்லை.

அடக்கத்தைப் போனில் பார்த்தாள். பெட்டியைக் கோயிலுக்குள் தூக்கிப் போகும்போது படம் உறைந்துவிட்டது.

அதன்பிறகு ஜெர்லின் எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை.

இந்தப் பயணத்துக்குக் கிளம்பும் முன் ஜெர்லினின் அப்பா இவளிடம் ஒன்றுதான் கேட்டார். “ஒரே ஒரு தடவ அவள உள்ள கூட்டிட்டுப் போயிரும்மா.”

தலையாட்டியிருந்தாள்.

கொலோனில் வாய் வரவில்லை. ஸ்ட்ராஸ்பூரில் கேட்பதற்குள் ஜெர்லின் படியில் உட்கார்ந்துவிட்டாள். “நீ போயிட்டு வா. நான் பைய பாத்துக்கிடுதேன்.” இங்கேயும் அதேதான்.

பிரான்சின் இந்தச் சார்த்ர்தான் கடைசி ஊர். நாளை இவளுக்கு விமானம்.

வெளியே போய்க் கேட்டுவிட வேண்டும். மனதுக்குள் ஒரு வாக்கியம் அமைத்தாள். சரியில்லை. இன்னொன்று அமைத்தாள். அதுவும் சரியில்லை. வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காமல் இருந்தவள் அவள்.

“ஏட்டி!”

குரல் தூணில் மோதி மேலே போனது. நாலைந்து பேர் திரும்பினார்கள்.

ஜெர்லின் வந்துகொண்டிருந்தாள். முதுகில் ஒரு பை, முன்னால் ஒரு பை, கையில் ரப்பர் செருப்பு.

“அறிவு இருக்கா ஒனக்கு? வாசல்லயா கழட்டிப் போட்டுட்டு வருவ? இது என்ன நம்ம மாதா கோயிலா? அங்க ஒரு கூட்டமே நின்னு ஒன் செருப்ப போட்டோ எடுக்குது. மானமே போச்சு. போடு மொதல்ல.”

அவள் செருப்பை வாங்கவில்லை.

ஜெர்லின் உள்ளே வந்துவிட்டாள். அது ஜெர்லினுக்கு இன்னும் தெரியவில்லை.

எதுவும் பேசக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

“என்னட்டி முழிக்க? காது...”

நீலம் ஜெர்லினின் கையில் விழுந்திருந்தது. செருப்பின் மேலும்.

கையைப் பார்த்தாள். அது வந்த வழியே மேலே பார்த்தாள்.



எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு குழந்தை இருமியது. அந்த உயரத்தின் கீழே எல்லாச் சத்தமும் சின்னதாக இருந்தது.

ஜெர்லின் திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசல் வெகு தூரத்தில் இருந்தது.

இப்போது போய்விடுவாள்.

ஜெர்லின் குனிந்தாள். செருப்பைக் கீழே வைத்தாள். பைகளை இறக்கினாள். பிறகு தன் ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

கை தோளுக்குப் போய்த் தடவியது. முக்காடு போட அங்கே துப்பட்டா இல்லை. பையின் மேல் காயப்போட்டிருந்த துண்டை உருவித் தலையில் போட்டுக்கொண்டாள். துண்டு இன்னும் ஈரமாக இருந்தது. சோப்பு வாசம் அடித்தது.

நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஜெர்லின் அவற்றைப் பார்க்கவில்லை. ஊரில் அம்மாவோடு போய் உட்காரும் பெண்கள் வரிசையைப் போல இடது பக்கமாக நடந்து, ஒரு தூணுக்கு அருகே, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

தனக்குத்தான் என்று நினைத்து அவள் அங்கே போனாள். ஜெர்லின் தலை நிமிராமல் தன் மறுபக்கத்தைக் காட்டினாள்.

அவள் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

கேமராக்களோடு ஒரு குடும்பம் அண்ணாந்து பார்த்தபடியே வந்தது. அவர்களுக்குத் தூணருகே காலியாகக் கிடந்த தரைதான் வழி.

ஜெர்லின் கையை நீட்டி அந்தத் தரையின் மேல் வைத்தாள்.

அவர்கள் மன்னிப்புக் கேட்டு, சுற்றிக்கொண்டு போனார்கள்.