ஐந்தாவது வாசிப்பு

நூலக மேசையில் ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும் இருந்தன. மூன்று பாக ராஜா ராணிக் காதல் கதை ஒன்றைப் பென்சில் ஐந்தாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தது. பக்க ஓரமெல்லாம் "இழுவை", "இவனெல்லாம் ஒரு இளவரசனா" என்று எழுதி எழுதியே கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. ரப்பர் பின்னாலேயே அழித்துக்கொண்டு வந்தது.

"பிடிக்கலைன்னா மூடி வெச்சிடேன்" என்றது ரப்பர்.

"கடைசியில காதலிச்சவளைக் கரையில விட்டுட்டுக் கப்பல் ஏறிடுறான். இந்தத் தடவையாவது மனசு மாறுவானான்னு பார்க்கிறேன்."

"அச்சடிச்சது எப்படி மாறும்? சரியான பைத்தியம் நீ."

கடைசிப் பக்கத்தில் "பாவி" என்று எழுதிவிட்டுப் பென்சில் திரும்பிப் பார்த்தது. ரப்பர் அதை அழிக்கவில்லை. இளவரசன் கப்பல் ஏறும் வரியைத் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டையே போட்டிருந்தது.