ஊத மறுத்தவர்

மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிய ஹிதாயத்துல்லாவின் முன்னால், காய்ச்சலில் துவண்ட பிள்ளையை நீட்டினாள் பேச்சித்தாய். தொழுதுவிட்டு வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு ஓதி ஊதும் வழக்கத்தை ஜமாஅத்தில் வாதாடி நிறுத்தியவரே அவர்தான். அவர் நிற்பதைப் பார்த்ததும் மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார்கள்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்மா. குணமாக்குறவன் அல்லாஹ் ஒருத்தன்தான். எங்க மூச்சுல ஒண்ணுமே இல்ல” என்று அடித்துச் சொன்னார்.

“ஊசி போட்டுட்டு நேரா அங்கருந்துதான் வாரேன், பாய். இப்ப சொன்னீங்கள்ல, அதையே சொல்லி ஊதுங்க.”

மறுத்துப் பேசுவதற்காக அவர் மூச்சை இழுத்தார். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளை, பழகிய பழக்கத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கியது.