மூணு ஓட்டல் தாண்டி

"நெய் ரோஸ்ட்! அதுவும் ஏசி ரூம்ல உக்காந்து!"

பஸ் ஏறியதிலிருந்து அன்புச்செல்வி இதைப் பதினோராவது முறையாகச் சொன்னாள்.

சொல்ல மாட்டாளா பின்னே? கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. நாளைக் காலை பத்து மணிக்குச் சேர வேண்டும். தானிப்பாடிக்கு அந்தாண்டை, ஒரே ஒரு டீக்கடை இருக்கிற ஊர்க்காரிக்குத் திருவண்ணாமலைதான் பட்டணம். ரூம் பிடித்துப் பெட்டியைப் போட்டாயிற்று. ரூமில் ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். சமைக்கவே வேண்டாம்! அதில் அவளுக்குத் தனி குஷி.

அப்பா அப்பாசாமி மாட்டுத் தரகர். சந்தையில் விலை பேசத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தாரென்றால் எதிராளி இறங்கி வராமல் கை வெளியே வராது. கோபமோ மூக்கு நுனியில். அப்படிப்பட்ட மனுஷன், "விடிஞ்சா நாங்க மொத பஸ்ஸுக்குக் கெளம்பணும். இன்னிக்கி நல்ல ஓட்டலாப் பாத்துச் சாப்பிடுவோம்" என்று தானாக வாயைத் திறந்து சொன்னதுதான் ஆச்சரியம்.

மணி ஏழு. தேரடித் தெருவெல்லாம் விளக்கு. முதல் ஓட்டலின் கதவு திறந்ததும் ஏசிக் காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது.

"இங்கயே நில்லுங்க. பாத்துட்டு வரேன்."

உள்ளே போன அப்பாசாமி, சந்தையில் மாடு பார்ப்பது போல மேசை மேசையாகப் பார்த்தார். கல்லாக்காரரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவர் கையை விரித்தார்.

"வேணாம். நடங்க."

"ஏம்ப்பா?"

"சரியில்ல."

"இன்னா சரியில்ல?"

"சரியில்லன்னா சரியில்ல! வா பேசாம."

"வெலைய கேட்டிருப்பாரு. கட்டுப்படியாவல போல" என்று மகள் காதில் கிசுகிசுத்தாள் அம்மா ரேணுகாம்பாள்.

இரண்டாவது ஓட்டல் பஸ் ஸ்டாண்டு பக்கம். கல்லாவில் இருந்தவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க சார்! ஃபேமிலி ரூம் காலியா இருக்குது."

"ஃபேமிலி இல்லாம வந்தா?"

"அதான் ஃபேமிலியோட வந்திருக்கீங்களே!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா!"

"பொதுவுலதான் குந்தணும்."

"பொதுவுலயா!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் திரும்பி அன்புச்செல்வியைப் பார்த்தார்கள். இவர் போட்ட சத்தத்தால்தானே? அவளுக்கு மானமே போயிற்று.

மூன்றாவது ஓட்டலில் படியைக்கூட மிதிக்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ம்ஹூம்" என்றார்.

"மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாக்கறது போதாதுன்னு ஓட்டலுக்குமா? பசி உயிர் போவுதுங்க!" என்றாள் ரேணுகாம்பாள்.

நாலாவது, தபாலாபீசுக்குப் பின்னால் ஒரு சந்தில். ஒரு டியூப் லைட், கடகடவென்று ஒரு ஃபேன், ஆறு மேசை. போர்டில் வெறும் 'மெஸ்'. கல்லாவில் நாற்பது வயதுச் சந்திரகலா. சுவரோரமாக ஒரு நர்ஸம்மா ஒற்றையாக உட்கார்ந்து, வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே இட்லி தின்றுகொண்டிருந்தாள். அடுத்த மேசையில் நாலு பஸ் கண்டக்டர்கள், தங்கள் தட்டே கதியென்று.

அப்பாசாமி நின்றார். பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"இங்கதான்! குந்துங்க, குந்துங்க!"

உட்கார்ந்ததுமே அன்புச்செல்வி பொரிந்து தள்ளினாள்.

"இதுக்குத்தான் மூணு ஓட்டலைத் தாண்டி இழுத்துட்டு வந்தீங்களா? இதைவிடக் கம்மியா எதுவும் கெடைக்கலியா? என் மொத சம்பளம் வரட்டும். நானே தனியாப் போயி ஏசி ரூம்ல சாப்பிட்டுக்கறேன். நீங்க வரவே வேணாம்!"

ரேணுகாம்பாளுக்குப் பகீரென்றது. இதோ, மனுஷன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தப்போகிறார்.

அவர் கத்தவில்லை. "மூணு நெய் ரோஸ்ட்! நல்லா மொறுமொறுன்னு!" என்று மட்டும் குரல் கொடுத்துவிட்டு எழுந்து கல்லாவுக்குப் போனார். பழக்க தோஷம், துண்டை விரித்துக் கையை நீட்டினார்.

"துண்டை எடுங்கண்ணா! நான் இன்னா கறவ மாடா விக்கறேன்?" சந்திரகலா சிரித்தாள்.

ஆனால் பேரம் நடந்தது. இவர் கையை ஆட்டினார், அவள் தலையை ஆட்டினாள். இவர் மேசையைக் காட்டினார், அவள் யோசித்தாள். ஃபேன் சத்தத்தில் பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை.

'ஓட்டல்லயும் பேரம்!' அன்புச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

ரோஸ்ட் வந்தது. தட்டைத் தாண்டி ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. கோபத்தோடுதான் பிட்டாள். ரெண்டாவது வாயில் கோபம் கொஞ்சம் கம்மியாயிற்று.

கை கழுவிவிட்டு வந்தவளைச் சந்திரகலா கூப்பிட்டாள்.

"நாளையிலருந்து மூணு வேளையும் உனக்கு இங்கதாம்மா. அந்தச் செவுத்தோர மேசை உன்னுது. எதிர்ல வேற ஆளைக் குந்த வைக்கக் கூடாதுன்னு பேசி முடிச்சிட்டாரு உங்கப்பா. யம்மா, இன்னா பேரம்!"

அன்புச்செல்விக்குக் கூச்சமாயிருந்தது.

"வெலைய ரொம்பக் கொறைக்கச் சொன்னாரா அக்கா?"

"வெலையா? அதை இன்னும் கேக்கவே இல்லியே! கல்லாண்ட வந்ததும் வாய் தெறந்து மொதல்ல கேட்டது ஒண்ணுதான்: 'எம்பொண்ணு தனியா வந்து சாப்பிட்டா, எவனாச்சும் திரும்பிப் பாப்பானா?'"