அடியில் படுப்பவன்

யுத்தம் முடிந்த வருடம், தேவாரம் ஊர்ப் பண்ணையார் சீனிச்சாமி தன் காருக்கு வீட்டு வாசலிலேயே கியர்பாக்ஸ் மாற்றினார். பழையதைக் கழற்றியபோது, அடியில் படுத்து அதை நெஞ்சில் தாங்கிய பண்ணையாள் வீரணன் நசுங்கிச் செத்துப்போனான். புதியதை மாட்ட அவன் பெண்டாட்டி ஜக்கம்மாவைப் படுக்கச் சொன்னார்.

அவள் குனிவதற்குள், தரையில் கிடந்த புதிய கியர்பாக்ஸ் தானாக மேலே எழுந்தது. அடியில் யாருமில்லை. அவளுக்குப் பழகிய இருமல் மட்டும் கேட்டது.

"ஏலே, இன்னுங் கொஞ்சம் தூக்கு," என்றார் சீனிச்சாமி. எழுந்தது. நிதானமாகப் போல்ட்டுகளை முடுக்கினார்.

"செத்தவுகளயாச்சும் விட்ருங்கய்யா," என்று ஜக்கம்மா அவர் காலில் விழுந்தாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு காருக்கடியில் குனிந்தார். "வீரணா, மாடு ரெண்டும் எளச்சுப்போச்சு. இனிமே கமலைய நீயே இழு."

மாடுகள் நிழலில் அசைபோட்டுக் கிடந்தன. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலை கிறீச்சிடத் தொடங்கியது.