விழாத தாழ்ப்பாள்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே என்னைப்போல வேலை தெரியாத ஃபிட்டர் கிடையாது. எங்கள் ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் குருமூர்த்தி அறையின் உள்தாழ்ப்பாளை எத்தனை முறை சரிசெய்தாலும், மறுநாள் விழாது.

"ஒரு தாழ்ப்பாள் போடத் துப்பில்லை, நீயெல்லாம் ஐ.டி.ஐ.யா முனிராஜ்?" என்று கத்தினார் டாக்டர். முதலாளியின் மருமகன். கத்தலாம்.

கடைசியில் போச்சம்பள்ளியிலிருந்து பேர்பெற்ற மூத்த ஃபிட்டர் கரியப்பனை வரவழைத்துவிட்டார். அவர் சரிசெய்துவிட்டால் எனக்கு வேலை இல்லை.

கரியப்பன் தாழ்ப்பாளைக் கழற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்ப்பா, இது தானா தேயலை. யாரோ அரத்தால ராவி வெச்சிருக்காங்க."

"நான்தாண்ணா."

"எதுக்கு?"

வாசலில் நர்ஸ் சுகுணா வந்து நின்றாள். டாக்டர் கூப்பிட்டிருக்கிறாராம்.

"தாழ்ப்பாள் சரியாயிடுச்சாண்ணா?" என்று என்னைக் கேட்டாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

நான் கரியப்பன் காதில் சொன்னேன்: "இவங்களைத் தனியா கூப்பிட்டுக் கதவைச் சாத்துறாருண்ணா. புகார் குடுத்தாங்க. விசாரிச்ச கமிட்டிக்குத் தலைவி, அவரோட மாமியார்."

கரியப்பன் தான் கொண்டுவந்திருந்த புதுத் தாழ்ப்பாளை எடுத்துத் திரும்பவும் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

டாக்டர் வந்தார். "முடிஞ்சுதா?"

"கதவே கோணலுங்க சார். எது போட்டாலும் விழாது."

"நீயும் இவனை மாதிரிதானா?"

"ஆமாங்க சார்," என்றார் கரியப்பன், பெருமையாக.