சம்பந்திப் பந்தி

இலை நிறையப் பரிமாறியாயிற்று.

பந்தி மொத்தமும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைப் பெற்றவள் முதல் கவளம் எடுக்காமல் சம்பந்திப் பந்தியில் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை.

அவள் கை வைக்கவில்லை.

மடியில் இருந்த துணிப்பையை அவிழ்த்தாள். சின்னத் தூக்குப்போசி ஒன்றை எடுத்து இலையோரம் வைத்தாள். உள்ளே அவள் வீட்டில் வைத்த ரசம்.

பக்கத்தில் புது மருமகள். அதற்கு அடுத்து மகன். போசியைப் பார்த்ததும் அவன், வேண்டாம்மா என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

மண்டபத்துக்குக் கிளம்பும்போதே கெஞ்சியவன்தான். ஒரு வேளைதானே, நாலு வாய் சாப்பிட்டுவிடு, நோய்க்காரி என்று சம்பந்தி வீடு பேசும் என்றான்.

நிச்சயதார்த்தத்தன்று அப்படித்தான் சாப்பிட்டாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவள்தான் கட்டிலுக்கும் கக்கூஸுக்குமாக நடந்தாள். சிரித்த முகத்தோடு விருந்து தின்றதற்குக் கிடைத்த மொய் அது.

அந்த வயிறு அவளை ஆட்டி வைத்தது கொஞ்சநஞ்ச காலமல்ல. வாயு என்றார்கள். குடலேற்றம் என்று குடல் தட்டினார்கள். கண்ணேறு கழித்தார்கள். உடம்பு விறகாய்ப் போனது.

கோயம்புத்தூர் குடல் டாக்டரம்மாதான் ரத்தம் எடுத்து, வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்து, உங்களுக்குக் கோதுமை ஆகாது, ஆயுசுக்கும் ஆகாது என்றார்.

சப்பாத்தி போயிற்று. ரவை போயிற்று. சேமியா, பரோட்டா, பிஸ்கட் எல்லாம் போயின.

வலி மட்டும் போகவில்லை.

நீங்கள் எங்கோ வாயைக் கட்டாமல் இருக்கிறீர்கள் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அதற்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போனது. சமையல்கட்டில் இருப்பதையெல்லாம் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்றார். அவள் அஞ்சறைப்பெட்டி, டப்பா, பொட்டலம் எல்லாவற்றோடும் போய் இறங்கினாள். டாக்டர் மேஜை மளிகைக்கடை ஆனது.

இருவரும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். கண்டுபிடித்தது அவள்தான். பெருங்காய டப்பாவில், பொடி எழுத்தில், கோதுமை மாவு.

வயிற்றுக்கு நல்லது என்று சாம்பாரிலும் ரசத்திலும் அவள் அள்ளிப் போட்டது அதைத்தான். வலி கூடிய நாளில் மோரில் இன்னும் ஒரு சிட்டிகை கூடப் போட்டுக் குடித்தாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

டாக்டரம்மா எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கரைந்துவிடுமோ என்று தனக்குள்ளேயே வைத்திருக்கிறாள்.

இப்போது உடம்பில் சதை பிடித்திருக்கிறது. இந்தப் பட்டுச்சேலைக்கு ரவிக்கை தைத்தவர் பழைய அளவு பத்தாதுங்க என்றபோது, நகை வாங்கியவள் மாதிரி வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

இதையா ஒரு கரண்டி சாம்பாருக்குக் கொடுப்பது?

பெண்ணின் அப்பா மயில்சாமி கைகூப்பியபடி வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஏதாவது குறையா என்று கேட்டார். பந்தியில் அப்பளம் நொறுங்கும் சத்தம்கூட இல்லை.

“குறை உங்க சமையல்ல இல்லீங்ணா. எனக்குக் கோதுமை ஆவாது. பெருங்காயத்துலயும் அது கலந்திருக்குது. என் வவுத்த நாந்தான பாத்துக்கோணும்? வேற எலை போட்டு வெறுஞ்சோறு வெக்கச் சொல்லுங்க. உங்க வூட்டுச் சோத்தத்தான் வவுறாரச் சாப்புடப் போறேன்.”

 

மயில்சாமி பரிமாறுபவர்களைக் கூப்பிடவில்லை. தானே இலை விரித்தார். தானே சோறு வைத்தார்.

அவள் ரசத்தை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தாள். பந்தி மூச்சு விட்டது. இலைகளில் கைகள் இறங்கின.

எந்தக் கல்யாணத்திலும் அவள் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பெருமையாக இருந்தது. மகன் தாலி கட்டியபோது வந்த பெருமை வேறு. இது அவளே சம்பாதித்தது.

அப்புறம்தான் பக்கத்து இலையைக் கவனித்தாள்.

மருமகள் நிவேதிகா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கை வாய்க்குப் போகவில்லை. கொஞ்சத்தை அப்பளத்துக்கு அடியில் தள்ளினாள். கொஞ்சத்தைக் கூட்டோடு சேர்த்துப் பரப்பினாள். பார்க்கிறவர்களுக்கு அது சாப்பிட்ட இலைதான். சாப்பிடவில்லை என்று தெரிந்தாலும் கல்யாணப் பெண்ணின் கூச்சம் என்று விட்டுவிடுவார்கள்.

மாமியார் விடவில்லை. அந்த வித்தையில் அவள் கரை கண்டவள்.

எதிரே பெண்ணின் அம்மா நெய்க்கிண்ணத்தோடு நின்றார். யாருக்கும் பரிமாறவில்லை. மகளின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மருமகளின் பக்கம் சாய்ந்தாள். அடுத்த இலைக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“எப்பெப்ப வலிக்கும், கண்ணு?”

நிவேதிகாவின் கை நின்றது. நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா தலையை அசைத்தார். சொல்லாதே என்று, மிக மெல்ல.

நிவேதிகா மாமியாரின் இலையைப் பார்த்தாள். வெறுஞ்சோற்றில் பாதி காலியாகியிருந்தது.

“தெனமுங்க, அத்தை,” என்றாள்.