ஐந்தாம் பாடத்தின் தலைப்புகள்

பார்வையற்ற மாணவர்களுக்கான ஒலிப்புத்தகத்தை மஹாலட்சுமி கணினியில் தயாரித்துக்கொண்டிருந்தாள். பாடத்துக்கு முதல்நிலைத் தலைப்பு, உட்பிரிவுக்கு இரண்டாம் நிலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்; கேட்பவர் பட்டனை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். வாசித்தவன் அவள் கணவன் வீரபாகு. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அவன் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

சோதித்துப் பார்க்க சி.டி. வாங்கிப்போன பார்வையற்ற மாணவன் முத்துக்குமார் ஏனாத்தூர் கல்லூரியிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, நாலு பாடம் நல்லா இருக்குது. அஞ்சாவதுல வரிக்கு வரி தலைப்பு வெச்சிருக்கீங்க. பட்டனை அழுத்தினா ஒரு வரிதான் தாண்டுது. எதையும் தேட முடியலக்கா."

"சரி பண்ணிடறேன்பா."

"போன வாரமும் இதான் சொன்னீங்க. இதே பாடத்துக்குப் போன சி.டி.யில இருபது தலைப்பு, இதுல இருநூறு. திங்கக்கிழமை பரீட்சைக்கா. ஆறாவது பாடம் எங்க? மாமா இன்னும் படிக்கலையா?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா தவறி நாப்பது நாள் ஆவுதுப்பா. அஞ்சாவது முடிஞ்சிட்டா, அப்புறம் அவர் குரலுக்குப் பேர் வெக்க எனக்கு ஒண்ணுமே இல்ல."



"எனக்குத் தெரியாதுக்கா" என்றான் அவன்.

அன்று மாலைக்குள், தேவையான நான்கு தலைப்புகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தாள். பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "ஆறாம் பாடம்" என்று வாசிக்கத் தொடங்கினாள்.